எடுக்கச் சொன்ன வரி

அந்தப் புகாரிலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னது நான்தான். "நான் திருநங்கை என்பதால்தான் இப்படிச் செய்தார்" என்ற வரி. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது: லாக்கர் அறையில் எல்லார் முன்னாலும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, கிளிப்போடு சேர்த்து முடியைப் பிடித்து இழுத்தது, தேதி, நேரம், பார்த்தவர்கள்.

"அதை எடுத்துட்டா புகார்ல என்னண்ணே இருக்கு?" என்றாள்.

"முதல்ல அவனை உன் ஷிஃப்டிலிருந்து மாத்துவோம். காரணத்தை அப்புறம் பேசிக்கலாம்."

கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயது, இனம், பாலினம், சமயம், உடற்குறை, மனநலம் என்று பட்டியல் நீளுகிறது. பாலின அடையாளம் இல்லை. அதற்கு அடித்தளம் போட்ட, அரசும் முதலாளிகளும் சங்கமும் சேர்ந்த முத்தரப்புக் குழுவில் நம் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் உட்கார்ந்திருந்தது. அவள் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இன்னும் 'ஆண்'. அறுவை சிகிச்சை செய்யாமல் அதை மாற்ற முடியாது. அந்த வரி உள்ளே போனால் பேச்சு அவன் கையை விட்டுவிட்டு, இவள் எந்தக் கழிவறைக்குப் போகிறாள் என்பதில் போய் நிற்கும். யார் முடியை இழுத்தாலும் தப்புதானே.

நினைத்தது நடந்தது. எச்சரிக்கைக் கடிதம், ஷிஃப்டு மாற்றம், இரண்டும். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆனால் விசாரணை அறிக்கையில் காரணத்துக்கான கட்டம் காலியாக இல்லை. "தனிப்பட்ட மனக்கசப்பு" என்று மனிதவளத் துறை நிரப்பியிருந்தது. இருவருக்கும் முன்பின் பேச்சே கிடையாது. மனக்கசப்பு எங்கிருந்து வரும்?

சங்கக் கிளைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். "அதான் முடிஞ்சுதே" என்றார் செயலாளர். கூட்டு ஒப்பந்தத்துக்கு நாங்கள் கொடுத்த பட்டியலில் ஷிஃப்டு படியும் பாதுகாப்புக் காலணியும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் சில பல்கலைக்கழக ஒப்பந்தங்களில் பாலின மாற்றத்துக்கான விடுப்பையே சங்கம் பேசி வாங்கியிருக்கிறது. அங்கே சட்டம் துணைக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். சட்டம் வந்த பிறகுதான் வாயைத் திறப்போம் என்றால் சந்தா எதற்கு என்றும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த வரி இருந்திருந்தால் அவன் இன்னும் அவள் ஷிஃப்டில்தான் இருந்திருப்பான், நிச்சயமாக. கிட்டத்தட்ட நிச்சயமாக.

அவனும் சங்க உறுப்பினர்தான். கடிதம் கைக்கு வந்ததும் என்னிடம்தான் வந்தான்.

"சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேண்ணே. அவங்க என்னவா இருந்தா எனக்கென்ன? புகார்லயே அப்படி ஒண்ணும் எழுதலையே."

அவனுடைய மேல்முறையீட்டுக் கடிதத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.