பெர்லினில் வீடு தேடிய கதை: முதலில் பள்ளிக்கூடம், பிறகுதான் ஏரியா

கணவருக்கு பெர்லினில் வேலை உறுதியானதும், தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: பிரென்ஸ்லவர் பெர்க். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஏரியா கிடையாதாம். போய்ப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. கோல்விட்ஸ்பிளாட்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ்பிளாட்ஸ் பக்கமெல்லாம் மரமும் விளையாட்டுத் திடலும்தான், நடைபாதை முழுக்கக் குழந்தை வண்டிகள். வாடகையும் அதற்குத் தகுந்தபடி. ஒரு வீடு காலி என்று விளம்பரம் வந்தால் பார்க்க வருகிறவர்களின் வரிசை தெரு வரைக்கும் நிற்கும். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் வேறு கிடையாது. மூன்று வயதுப் பையனையும் மளிகைப் பையையும் தூக்கிக்கொண்டு தினமும் நாலு மாடி ஏற எனக்குத் தெம்பில்லை.

அலுவலகம் கொடுத்த தற்காலிக வீட்டில் இருந்துகொண்டு தேடினோம். பிரிட்ஸில், பிளாஷ்கோஅல்லே ஸ்டேஷன் பக்கம், ஈழத் தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே பல வருஷமாக பெர்லினில் இருக்கிற ஒரு அக்கா, நான் ஏரியாக்களின் பெயராக அடுக்குவதைக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, மூத்த பிள்ளைக்கு எத்தனை வயசு? ஆறு எண்டால் முதல்ல பள்ளிக்கூடத்தைப் பாருங்கோ, வீட்டைப் பிறகு பாக்கலாம்" என்றார். எங்கள் தேடல் உருப்படியானது அதற்குப் பிறகுதான்.

பெர்லினில் நீங்கள் எந்த முகவரியில் பதிவு செய்கிறீர்களோ, அதை வைத்துத்தான் பிள்ளைக்கு அரசு ஆரம்பப் பள்ளி. எல்லை தெருவாரியாகப் பிரிகிறது. ஒரே சாலையின் இரண்டு பக்கமும் வேறு வேறு பள்ளிக்குப் போகலாம். தெருப் பெயரைக் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று சொல்லும் அரசு இணையப் பக்கம் இருக்கிறது. வேறு பள்ளி வேண்டும் என்று விண்ணப்பிக்கலாம். இடம் இருந்தால்தான் கிடைக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் ஆரம்பப் பள்ளி நாலு வருஷம். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு. ஆக, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே மகளின் ஆறு வருஷப் படிப்புக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம். செப்டம்பர் 30-க்குள் ஆறு வயது முடிகிற பிள்ளை அந்த வருஷமே சேர்ந்தாக வேண்டும் என்பது விதி. ஜெர்மன் தெரியாதே என்று நான் பயந்தேன். பெரிய பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க வரவேற்பு வகுப்பு என்று தனியாக இருக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை பெரும்பாலும் நேரே வழக்கமான வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முதலில் பள்ளியைக் கண்டுபிடித்து, காலை எட்டு மணி வாக்கில் அந்தத் தெருவில் போய் நின்றோம். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, எத்தனை பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது, சிக்னல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்த்தோம். கூடவே, டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும், காலையிலும் எட்டு மணி தாண்டித்தான் வெளிச்சம். கோடையில் அழகாகத் தெரிகிற பூங்கா வழி, குளிர்காலத்தில் கும்மிருட்டு. இருட்டிய பிறகும் ஒரு தடவை அதே வழியில் நடந்து பார்க்காமல் எந்த வீட்டுக்கும் விண்ணப்பம் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொரு கவலை, சத்தம். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கிற ஊர் இது. பையனோ சோஃபாவிலிருந்து குதிக்காமல் ஒரு மணி நேரம் இருக்க மாட்டான். ஆனால் 2011-லேயே சட்டத்தைத் திருத்தி, விளையாட்டுத் திடலிலும் குழந்தைகள் காப்பகத்திலும் பிள்ளைகள் போடுகிற சத்தத்தைப் பொதுவாகத் தொந்தரவாகக் கருதக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் குதிப்பதற்கு அது துணைக்கு வராது. அதனால் தரைத்தளமாக இருந்தாலும் சரி என்று முடிவு செய்தோம். போட்டியும் கொஞ்சம் குறைவு.

பாங்கோவ் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 2020 நவம்பரில் டேகல் விமான நிலையத்தை மூடியதிலிருந்து அந்தப் பக்கம் விமான இரைச்சல் நின்றுவிட்டது. அங்கே நாங்கள் கேட்ட வீடுகள் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. கோயில் பக்கம் என்பதால் பிரிட்ஸிலும் பார்த்தோம். அங்கேதான் புருனோ டவுட் வடிவமைத்த குதிரைலாடக் குடியிருப்பு, 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வேடிக்கை பார்க்க அருமை. நாங்கள் பார்த்த வீடு நாலு பேருக்குப் போதாது. கடைசியில் அமைந்தது ஸ்டெக்லிட்ஸ். யாரும் சிபாரிசு செய்யாத, கொஞ்சம் வயதானவர்கள் அதிகம் தெரிகிற ஏரியா. பள்ளி நடக்கிற தூரம், யூ9 மெட்ரோ ரயிலில் ஏறினால் கணவர் வண்டி மாறாமல் அலுவலகத்துக்கு இறங்கும் ட்ஸூ ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். தாவரவியல் பூங்காவும் பக்கம்.

வீடு கொடுக்கிறவர்கள் கேட்பது கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டும் ஷுஃபா என்கிற கடன் வரலாற்றுச் சான்றும். புதிதாக வந்தவர்களிடம் இரண்டும் இருக்காது. வேலை ஒப்பந்தத்தோடு, நாங்கள் யார், எத்தனை பேர் என்று ஜெர்மனில் ஒரு பக்கக் கடிதமும் இணைத்தோம். விளம்பரத்தில் மூன்று அறை என்றால் நம் ஊர்க் கணக்கில் இரண்டு படுக்கையறை வீடு. ஹாலும் ஒரு அறைதான். முதலில் போட்டிருக்கிற வாடகை வெறும் வாடகை. ஹீட்டிங், குப்பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்த தொகையைக் கேட்டு வாங்க வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம் என்று சட்டமே இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எங்களுக்கு இது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஆறுதலும் சமையலறையைப் பார்க்கிற வரைக்கும்தான். பல வீடுகளில் குழாயையும் மின் இணைப்பையும் தவிர அங்கே ஒன்றுமே இருக்காது. முன்பு குடியிருந்தவரிடம் பேசி அடுப்பையும் அலமாரியையும் விலைக்கு வாங்கிக்கொண்டோம்.

குடிபோனதும் வீட்டுக்காரரிடம் உறுதிச் சீட்டு வாங்கி 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு அடிப்படை அந்தப் பதிவுதான். பையனின் காப்பகத்துக்கு முகவரி எல்லை கிடையாது. மாவட்ட அலுவலகம் கொடுக்கும் கூப்பனை பெர்லினில் எந்தக் காப்பகத்திலும் கொடுக்கலாம், இடம் கிடைப்பதுதான் பாடு. கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ. அவனுக்குக் கிடைத்தது ஃப்ரீடனாவில். கணவர் அலுவலகம் போகிற வழியில் விட்டுவிட்டுப் போகிறார்.

ஏழாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கிற பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்தத் தெருக் கணக்கெல்லாம் தேவையில்லை. மேல்நிலைப் பள்ளிகளுக்கு முகவரி எல்லை இல்லை, நகரத்தில் எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் நல்ல ரயில் வசதி உள்ள இடமாகப் பார்த்து வீடு எடுத்தால் போதும்.