நூறை நாலால் வகுத்தால் இருபத்தைந்து வராது

செங்கோட்டை மர மில்லில் லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே கணக்குதான் சொல்வார்கள். நூறு கிலோ மரமா, நாலு பேர் பிடி, ஆளுக்கு இருபத்தைந்து. புளியரை வழியாகக் கொல்லம் போகிற வண்டிகளுக்கு மரம் ஏற்றியே பிழைக்கிற எனக்கு இந்தக் கணக்கைக் கேட்டாலே கோபம் வரும்.

தோளில் வைத்தால் பாரம் நெட்டையானவன் மேல்தான் உட்காரும். குட்டையானவன் தோளில் மரம் படவே படாது. பலகை போட்டு லாரியில் ஏறும்போது கீழே நிற்பவன் பக்கம் சாயும். ஒருவன் அடி பிசகினால், அவன் பங்கும் அந்த நொடியில் மற்றவர்கள் மேல் விழும்.

பிரிட்டன் தொழில் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: இருவர் சேர்ந்தால் அவர்கள் தனித்தனியே தூக்குவதைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு. மூவர் என்றால் பாதிதான். ஒருவருக்கு 25 கிலோ சௌகரியம் என்றால் மூவருக்கு 37 கிலோ அளவில்தான் நிற்க வேண்டும். காய்ந்த தேக்கே கன அடிக்குச் சுமார் 18 கிலோ. 12 அடி நீளம், 8க்கு 6 அங்குல உத்திரம் 4 கன அடி, அதாவது 72 கிலோ! பச்சை மரம் இன்னும் கனக்கும். இதற்குச் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கப்பி) கேட்பது சோம்பேறித்தனம் இல்லை, அண்ணாச்சிகளே.

சிறிய மரத்தைக் கையால்தான் தூக்க வேண்டும் என்றால், ஒத்த உயரக்காரர்களை ஜோடி சேருங்கள். குரல் ஒருவருடையதாக மட்டும் இருக்கட்டும். எங்கள் செட்டில் பாதிப் பேர் கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள், மலையாளம் பேசுகிறவர்கள். "ஒண்ணு ரெண்டு மூணு" அவர்களுக்கும் புரியும். ஆனால் மூணு என்றபோதே தூக்குவதா, சொல்லி முடித்தபிறகா என்பதில்தான் இடுப்பு பிடிக்கும். அதனால் மூணுக்குப் பின் "ஐலசா" என்று வைத்திருக்கிறோம், "சா"வில் எல்லோரும் எழும்புவோம்.

இறக்குவதுதான் தூக்குவதை விட ஆபத்து. ஒருவன் முன்கூட்டியே கையை விட்டால் அடுத்தவன் விரல் அடியில் நசுங்கும். அதற்காகத் தரையில் கட்டைத் துண்டு போட்டு வையுங்கள். யாராவது "இறக்கு" என்றால் ஏன் என்று கேட்காமல் எல்லோரும் இறக்க வேண்டும். புதுப் பையன்கள் வெட்கப்பட்டு வாய் திறக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் சேருகிற நாளில், எனக்குத் தெம்பு இருக்கும்போதே பாதி வழியில் ஒரு தடவை நானே "இறக்கு" என்று சொல்லிவிடுவேன், அதில் வெட்கம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும்.