வைவாவுக்கு பி.இ.9 எடுத்துப் பாருங்கள்

ஏரோநாட்டிக்கல் படிப்பவர்களுக்கு விமான வடிவமைப்புப் பாடத்தில் செமினாரும், அதை ஒட்டி வைவா என்ற வாய்மொழித் தேர்வும் வரும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ரஃபேல், சுகோய் பக்கம் போனார்கள். நான் தயாரிப்புக்கே போகாத பி.இ.9 என்ற முதல் உலகப் போர்க்கால விமானத்தை எடுத்தேன். அதையே உங்களுக்கும் சொல்வேன். வெற்றி பெற்ற விமானத்துக்கு எண்களை ஒப்பித்துவிட்டு வரலாம். தோற்ற விமானத்தில் ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் பதில் தேட வேண்டியிருக்கும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) கேட்பதும் அதைத்தான்.

பி.இ.9, 1915ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி செய்தது. மொத்தமே ஒன்றுதான். பி.இ.2சி என்ற வேவு விமானத்தை மாற்றித்தான் இதைச் செய்தார்கள். பி.இ.2சியில் அப்சர்வர், அதாவது வேவு பார்ப்பவர், முன் இருக்கையில் இருப்பார். சுற்றிலும் இறக்கை, கம்பிகள், எதிரே புரொப்பெல்லர். சுட இடமே கிடையாது. அந்தக் கோடையில் ஜெர்மானியர்களின் ஃபோக்கர் போர் விமானம், புரொப்பெல்லர் அலகுகளுக்கு இடையே சுடும் பொறியமைப்போடு வந்துவிட்டது. பிரிட்டனிடம் அப்போது அது பயன்பாட்டில் இல்லை. எஞ்சினைப் பின்னால் வைக்கும் புஷர் வகையில் முன்பக்கம் திறந்திருக்கும். ஆனால் வாலைத் தாங்கும் சட்டங்களால் இழுவை (காற்றின் தடை) கூடும்.

சரி, என்ன செய்தார்கள்? அப்சர்வரை ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியோடு மரப்பெட்டியில் ஏற்றி, புரொப்பெல்லருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்! அவர் இருந்த இடத்துக்கு 90 குதிரைத்திறன் எஞ்சின் நகர்ந்தது. எடை இப்படி இடம் மாறியதால் ஈர்ப்பு மையக் கேள்வி இங்கேதான் வரும். பக்கத் தோற்றத்தைக் கையால் வரைந்து, எது எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துப் பழகுங்கள். ஸ்லைடைவிட அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

அடுத்து பாதுகாப்பு. மூக்கு தரையில் குத்தினால் அப்சர்வர் எஞ்சினுக்கும் மண்ணுக்கும் நடுவில். பைலட்டோடு பேசவும் வழியில்லை, இடையில் புரொப்பெல்லர் சுழல்கிறது. பைலட்கள் கேலியாக வைத்த பெயர் 'பல்பிட்', அதாவது தேவாலயப் பிரசங்க மேடை. செப்டம்பரில் பிரான்சுக்குச் சோதனைக்குப் போனது, 1916 தொடக்கத்தில் திரும்பி வந்தது. அதற்குள் சுடும் பொறியமைப்பும் பிரிட்டனுக்குக் கிடைக்கத் தொடங்கியதால் தேவையே போய்விட்டது.

அப்புறம், பிரான்சின் ஸ்பாட் ஏ.2வையும் பார்த்துக்கொண்டு போங்கள். கிட்டத்தட்ட இதே அமைப்புதான், ஆனால் தயாரிப்புக்குப் போனது, ரஷ்யாவுக்கும் விற்றார்கள். "அப்படியானால் அவர்கள் மட்டும் ஏன் செய்தார்கள்?" என்ற கேள்விதான் என்னை மடக்கியது.