முதல் தண்ணீர்

அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னது மொத்தம் நான்கே வாக்கியங்கள். இரண்டு ஆண்டுகளாக அவற்றை முன்னும் பின்னுமாக மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் நான் கொடுத்த பதில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

மூடிய சரளைக் குவாரியைச் சமப்படுத்தி, புல் விதைத்து, அங்கிருந்து வழியும் மழைநீரை ஒரு வண்டல் குட்டையில் நிறுத்தித் தெளியவைத்து, கீழே இருக்கும் ஊருணியின் வரத்துக்காலில் விட வேண்டும். எவ்வளவு தண்ணீர் வழியும், எவ்வளவு மண் வரும் என்று மாடல் போட்டுக் குட்டையின் அளவைச் சொல்வது என் பொறுப்பு. அன்று லாரித் தடத்தில், மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்று அளக்கும் இரட்டை வளையத்தை அடித்து இறக்கி, காலை பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோதும் அளவுகோலில் ஒரு கோடுகூட இறங்கவில்லை. வெளிவளையத்துத் தண்ணீரில் ஒரு தட்டான் வந்து வந்து வாலை நனைத்துவிட்டுப் போனது. ஊருணிக் காவல் பார்க்கும் பெரியவர் குனிந்து அதைப் பார்த்தார்.

“தம்பி, இந்த மண்ணு தண்ணி குடிக்காது. வண்டி ஏறி ஏறி இறுகுன மண்ணு. வீட்டுலயே முதல் மழைத் தண்ணிய அண்டாவுல பிடிக்க மாட்டோம். ஒரு வருசத்துக்கு இதை ஊருணிக்கு விடாம ஓடைப் பக்கம் திருப்பிவிட்டா என்ன?”

“அதுக்குத்தான் ஐயா குட்டை வெட்டுறோம். கணக்குல எல்லாம் வந்துருது” என்றேன்.

எல்லாம் வரவில்லை. மூன்று இடங்களில் சோதித்தேன். லாரித் தடத்தில் கிடைத்த அளவை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டையும் வைத்து மண்ணை ‘பி’ வகை, அதாவது ஓரளவு நீர் உறிஞ்சும் மண், என்று எழுதினேன். அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கிய, மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதை நிலத்துக்குத் தரும் ஓர் எண்ணை வைத்துக் கணக்கிடும் கர்வ் நம்பர் முறையைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். அதன் அட்டவணையில் ‘பி’ வகை மண்ணில் ஓரளவு புல் மூடிய நிலத்துக்கு 69. அதே அட்டவணையில் புதிதாகச் சமப்படுத்திய வெற்று நிலத்துக்குத் தனி வரிசையே இருக்கிறது. இறுகிய, நீர் மெதுவாகவே இறங்கும் ‘சி’ வகை என்றால் 91. நூறு மில்லிமீட்டர் மழைக்கு 69-இல் வழிவது ஏறத்தாழ 31 மில்லிமீட்டர், 91-இல் 75. நான் 69-ஐப் போட்டேன். மழைக்கு முன்பே புல் எழுந்துவிடும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. கொழுக்கட்டைப் புல் எழும்பத்தான் செய்தது, ஆனால் விதைப்பு தள்ளிப்போனதால் ஐப்பசி பிறந்தபோது அது ஓர் அங்குலம்தான் இருந்தது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. சின்னக் குட்டையாக இருந்தால் எல்லோருக்கும் எளிது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட மழை பெய்யவே இல்லை. அதைவிடக் குறைவான ஒரு மழையிலேயே குட்டை வழிந்து, விடிந்தபோது ஊருணி செங்கற்பொடி கரைத்ததுபோல் கிடந்தது. வரத்துக்கால் முகப்பில் இரண்டு செம்புறாங்கல் படிகள் மண்ணுக்குள் போயிருந்தன.

அதன் பிறகு நான் போட்ட கணக்குகள் எனக்காகப் போட்டவை. 20 மைக்ரான் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க 46 நிமிடம் ஆகும். 2 மைக்ரான் களித்துகளுக்கு அதைப் போல நூறு மடங்கு, அதாவது 77 மணி நேரம். இங்குள்ள சிவப்பு அந்த நுண்களியின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. ஆகவே நான் 91 போட்டுப் பெரிய குட்டையே வெட்டியிருந்தாலும், சில மணி நேரம் தங்கிப் போகும் தண்ணீரில் அந்த நிறம் அடங்கியிருக்காது. இது சரியான கணக்கு. இதைக் கண்டுபிடித்த இரவில் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் உறுத்துகிறது. ஏனென்றால் படிகளை மூடியது களி அல்ல, கையில் எடுத்தால் நெருநெருக்கும் மணலும் வண்டலும். அது பெரிய குட்டையில் நின்றிருக்கும்.

சில நாள் கழித்து அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு, அதே ஊருணித் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தார். நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து எடைகூட்டி இறக்கும் உத்தி அது. நாங்கள் பெரிய வேலைகளில் படிகாரம் போட்டுச் செய்வதும் அதைத்தான். மறுநாள் காலையில் அடியில் ஒரு விரற்கடைச் சிவப்பு, மேலே தெளிந்த நீர். குடத்துக்கு ஆகும், ஊருணிக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று உடனே மனத்துக்குள் பெருக்கத் தொடங்கினேன். தொழில் புத்தி.

ஓடைப் பக்கம் திருப்பிவிடும் யோசனையை ஏற்றிருக்க முடியாது என்றும் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆண்டு வரத்தை அடைத்தால் ஊர் எதைக் குடிக்கும், அதற்கு யார் ஒப்புவார்கள்? நியாயமான வாதம்தான். இப்போது வேறொரு குவாரிக்கு அறிக்கை எழுதுகிறேன். மூன்று வளையங்களின் அளவையும் சேர்த்தேன், 91-ஐப் போட்டேன். ‘முதல் பருவத்து நீரை வரத்துக்காலில் விடாமல் திருப்புக’ என்று ஒரு வரி எழுதி, அதே வாதத்தைச் சொல்லி நேற்று அழித்துவிட்டேன்.

அழித்த பிறகுதான் ஒன்று பட்டது. அந்த ஊருணித் தண்ணீரைக் குடிக்கிறவர் அந்தப் பெரியவர்தான். வரத்தை அடைத்தால் அந்த ஓர் ஆண்டு எதைக் குடிப்பார்கள் என்பதை அவர் யோசிக்காமலா சொல்லியிருப்பார்? லாரித் தடத்தருகே அவர் என் பதிலுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். நான் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.