யாரும் பார்க்காத மணிக்கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து கதை எழுதுவோம். அதற்கு டைம்ஷீட் என்று பெயர். திங்கட்கிழமை எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நேரம் உழைத்தோம் என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. ஏழு என்று போட்டால் மேலாளர் கேட்பார், ஒன்பது என்று போட்டால் வாடிக்கையாளர் கேட்பார். ஆகவே ஐந்து எட்டு நாற்பது என்று நிரப்பிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம். 11 ஆண்டுகள் இப்படித்தான் எழுதினேன்.

வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒப்பந்தப் பணிகள் எடுக்கத் தொடங்கியபோது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பும் மென்பொருளை நிறுவச் சொன்னார் ஒரு வாடிக்கையாளர். காகிதத்தில் கட்டம் போட்டு யோசித்த நேரமெல்லாம் அதன் கணக்கில் சும்மா இருந்த நேரம். யோசித்தபடியே மவுஸை அசைக்கப் பழகிக்கொண்டேன். நாற்பது வயதில் கற்ற வித்தை!

அந்த ஒப்பந்தம் முடிந்ததும், வேலை நேரத்தைக் குறித்துவைக்க எனக்கென்று ஒரு சிறு செயலி எழுதினேன். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இணையத்தைத் தொட வேண்டுமானால், அதற்கான அனுமதியை அதன் மேனிஃபெஸ்ட் கோப்பில், அதாவது செயலிக்கு என்னென்ன வேண்டும் என்று அறிவிக்கும் கோப்பில், ஒரு வரியாக எழுத வேண்டும். கேமராவைப் போலவோ இருப்பிடத்தைப் போலவோ இதைப் பயனரிடம் கேட்பதில்லை. நிறுவும்போதே சத்தமில்லாமல் கிடைத்துவிடும். என் கணக்கு வெளியே போகக் கூடாது என்பதால் அந்த வரியை நான் எழுதவில்லை.

பின்னணியில் கடிகாரத்தை ஓடவிடுவதில்தான் ஒரு வாரம் வீணாயிற்று. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அதை நிறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில்தான் உறைத்தது, கடிகாரம் ஓடவே தேவையில்லை. தொடங்கிய நேரத்தை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு வரியாகக் குறித்துவைத்து, முடிக்கும்போது கழித்தால் போதும். நடுவில் போனே அணைந்தாலும் கணக்கு பிசகாது. என் தாத்தா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நேரத்தை அப்படித்தான் சுவரில் கரிக்கட்டியால் குறிப்பார்.

இன்னொரு ஓட்டையைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். ஆண்ட்ராய்டு 6 முதல், பயனர் பேக்அப்பை இயக்கிவைத்திருந்தால், செயலிகளின் தரவை 25 எம்பி வரை கணினியமைப்பே கூகுள் டிரைவுக்கு எடுத்துச் செல்லும். வேண்டாம் என்று செயலியை எழுதியவர் வெளிப்படையாகச் சொன்னால்தான் நிற்கும். இணைய அனுமதியே இல்லாத என் செயலியின் குறிப்புகள் பல வாரங்களாக வெளியே போய்க்கொண்டிருந்தன. அதையும் அடைத்தேன். மூன்றாம் மாதம் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அந்தரங்கம் முழுமையாகக் காப்பாற்றப்பட்டது; மூன்று வாரக் கணக்கும் அதோடு போயிற்று. இப்போது ஞாயிறுதோறும் யூஎஸ்பி வடம் போட்டு மடிக்கணினிக்கு நகலெடுக்கிறேன்.

முதல் மாதக் கூட்டுத்தொகை என்னைத் திடுக்கிட வைத்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதாக நம்பியவனுக்கு உண்மையான வேலை சராசரியாக 4 மணி 50 நிமிடம். அலுவலக டைம்ஷீட்டில் இப்படி ஓர் எண்ணை எழுதியிருந்தால் மறுநாளே அழைத்துப் பேசியிருப்பார்கள். இங்கே கேட்க ஆள் இல்லை; எனவே மேலும் துணிந்து 'தயக்கம்' என்று ஒரு பிரிவு சேர்த்தேன். ஒருவரின் மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதாமல் வேறெதையோ துழாவும் நேரம் அதில் சேரும். அடுத்த மாதத்தில் அது மட்டும் 6 மணி நேரம், பெரும்பகுதியும் ஒரே வாடிக்கையாளரால். கூலி பேசும்போதெல்லாம் என் குரல் தாழ்ந்துபோவதும் அவரிடம்தான். புதிய ஒப்பந்தத்தில் அவருக்கு மணிக்கணக்கு வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை என்று எழுதி அனுப்பினேன்.

மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் விவரம் தர வேண்டியிருக்கிறது. செயலியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது விரிதாளில் திறக்கக்கூடிய அட்டவணையாக, எடுத்து அனுப்புகிறேன். அதில் 'தயக்கம்' மட்டும் வராதபடி நிரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.