"தண்ணி நல்லாருக்கா தம்பி?"

ஆற்றங்கரையில் போத்தலோடு குனிந்தாலே யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) சிலாங்கூர் ஆற்றில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "எதுக்குக் கேட்குறீங்க ஐயா?" என்று திருப்பிக் கேட்பேன். தோட்டத்தில் ஓய்வு பெற்று, கரையோரம் கீரை போடுகிறவர் ஒருவர் சிரித்தார். "தண்ணின்னா தண்ணிதானே, அதுல எதுக்குன்னு ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது. மலேசிய நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்து 100க்கு ஒரு மதிப்பெண் தரும்: கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), சிஓடி (அதையே வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படுவது), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள், பிஎச் (அமில-காரத் தன்மை). 81 முதல் சுத்தம், 60 முதல் 80 வரை சற்றே மாசு, அதற்குக் கீழே மாசு. மொத்த மார்க்கைப் பார்த்து, பையன் கணக்கில் தேறினானா என்று சொல்ல முடியுமா?

அம்மோனியாவையே எடுங்கள். கோழிப்பண்ணையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருவது. கீரைக்கு அது உரம். சுத்திகரிப்பு ஆலைக்கோ தலைவலி: ஒரு மில்லிகிராம் அம்மோனியா எட்டு, பத்து மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும். மீனுக்கு எவ்வளவு கெடுதல் என்பது பிஎச் கையில் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நஞ்சாகும் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. 8க்குப் போனால் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. அம்மோனியாவின் அளவு மாறவே இல்லை, கவனியுங்கள்.

கீரைக்கு நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மலக் கிருமியைக் காட்டும் கோலிஃபார்ம் அந்த ஆறு அளவுகளில் இல்லை. இலைமேல் ஊற்றாதீர்கள், வேரில் ஊற்றுங்கள், அறுப்புக்குச் சில நாள் முன்பே ஆற்றுத் தண்ணீரை நிறுத்திக் குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். "பில்லு யாரு கட்டுறது?" என்றார். நியாயம்தான்.

பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து கசியக்கூடிய உலோகமும் குறியீட்டில் இல்லை, நாற்றமும் இல்லை. 2020 செப்டம்பரில் இந்த ஆற்றை நம்பிய நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை மூட வைத்தது நாற்றம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கே வாளியோடு வரிசையில் நின்றது.

"மீன் துள்ளுதே, அப்புறம் என்ன?" என்பார்கள். கெலி (கெளுத்தி) மீன் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். அதை வைத்து ஆற்றுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை நம்பாத நாளில் நான் பழைய முறைக்குப் போவேன். குமிழி இல்லாமல் போத்தலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிந்து மெல்ல அடியில் இறங்கும். அறவே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஒன்றில் அந்த வெள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

நேரமும் முக்கியம். பாசி மண்டிய வாய்க்காலில் இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும், விடிவதற்குச் சற்று முன்தான் மிக மோசம். வெயில் ஏறியதும் பாசியே அதை நிரப்பிவிடும். மீன் சாகிற நேரத்தில் அளக்க வேண்டும் என்று மேலே கேட்டுப் பார்த்தேன். ஓவர்டைம் கிடையாது என்றார்கள். எங்கள் போத்தல்கள் இன்னும் பத்து மணிக்கு மேல்தான் நிரம்புகின்றன.