மாஹிமிலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன்

போன ஜனவரியில் ஆபீஸ் வேலையாக மும்பை போயிருந்தேன். வெள்ளிக்கிழமையே வேலை முடிந்துவிட்டது. திங்கள் ராத்திரிதான் ரயில். தாராவியில் பெரியப்பா வீட்டில் தங்கல். "ஞாயித்துக்கிழமை சும்மா கெடக்கதுக்கு என்கூட வால" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா எங்கே போவார் என்பது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் 'ரேஸ்' என்பது கெட்ட வார்த்தை. தாத்தா பெரம்பூர் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர். சனி ஞாயிறு கிண்டிதான். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த மனை போனது, அப்புறம் பாட்டியின் நகை, அப்புறம் மில் வேலையும். பெரியப்பா பதினேழு வயதில் பம்பாய்க்கு ரயிலேறினார், தோல் பட்டறை வேலைக்கு. அப்பா சென்னையிலேயே தங்கிவிட்டார். வேளச்சேரிக்கு ஃபைவ் ஃபர்லாங் ரோடு வழியாக அப்பாவோடு எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் குதிரை இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை. (ஒரு ஃபர்லாங் என்பது ஏறக்குறைய 200 மீட்டர். ரேஸ்காரர்கள் கணக்கு.) அப்பா ரேஸ் கோர்ஸ் மதில் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கருக்கும் சீல் வைத்த அன்று, டி.வி.யில் அந்தச் செய்தி ஓடியபோது அப்பா சேனலை மாற்றவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

அப்படிப்பட்ட வீட்டின் மூத்த மகன் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு தவறாமல் ரேஸுக்குப் போகிறார் என்றால் என்ன சொல்வது?

கிளம்பும்போது ஒரு சடங்கு நடந்தது. பெரியப்பா ஏ.டி.எம். கார்டையும் செல்போனையும் பெரியம்மா கையில் கொடுத்தார். பெரியம்மா அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டார். ரயில் செலவுக்கு பேண்ட் பையில் தனிச் சில்லறை. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயிரம் தடவையாவது நடந்திருக்கும்.

நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து மாஹிம் ஸ்டேஷனுக்கு நடை. ஞாயிறு என்றால் மும்பையில் ஏதாவது ஒரு லைனில் பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்தி பிளாக் போட்டிருப்பார்கள். அன்று இருபது நிமிஷம் பிளாட்ஃபாரத்தில் நின்றோம். அந்த நேரத்தில் அவர் நாளிதழின் ரேஸ் பக்கத்தை நாலாக மடித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் டிக் அடித்துக்கொண்டிருந்தார். ரேஸ் புத்தகத்தை வெள்ளிக்கிழமையே வாங்கி வரி வரியாகப் படித்துவிடுவாராம். ஞாயிறன்று கையில் இந்தப் பேப்பரும் ஒரு குயர் நோட்டும் மட்டும்தான். பேனா ஏன் இல்லை என்று கேட்டேன். "பேனாவுல எழுதுனா மாத்த மனசு வராதுல்லா."

மாட்டுங்கா ரோடு, தாதர், பிரபாதேவி, லோயர் பரேல், மகாலக்ஷ்மி. ஐந்தாவது ஸ்டேஷன். பாலத்தில் ஏறினால் ஒரு பக்கம் கீழே தோபி காட், வரிசையாகக் கல் தொட்டிகளும் காயும் துணியும். டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடலிருக்கும் திசையில் நடந்தோம். பத்து நிமிஷத்தில் ஒரு பெரிய பச்சை, மகாலக்ஷ்மி ரேஸ் கோர்ஸ். மும்பையில் இவ்வளவு காலி இடமா என்று மலைப்பாக இருந்தது. சுற்றிலும் பழைய மில்கள் இருந்த இடத்தில் ஐம்பது அறுபது மாடிகள், நடுவில் புல்லும் வானமும். மெல்போர்னின் கால்ஃபீல்ட் மைதானத்தைப் பார்த்துக் கட்டி 1883-ல் திறந்ததாம். நிலத்தில் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்காக மாநகராட்சிக்கு விட்டுக்கொடுத்து, 91 ஏக்கரை ரேஸ் கிளப் வைத்துக்கொள்வது என்று 2024-ல் ஒப்பந்தமாகிவிட்டது. ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். கிண்டியைப் பார்த்த பெரியப்பாவுக்கு நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு என்றால் இங்கே இந்தியன் டெர்பி. 2400 மீட்டர், நாலு வயதுக் குதிரைகள். 1943-ல் நடந்த முதல் டெர்பியில் ஜெயித்தது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண்குதிரை. அன்றைக்குத் தொப்பி வைத்த சீமாட்டிகளும் சினிமாக்காரர்களும் வருவார்கள். பெரியப்பா அன்று மட்டும் போகமாட்டார். "குதிரையைப் பாக்க வந்தா தொப்பிதான் தெரியும்."

சாதாரண ஞாயிறு வேறு மாதிரி. பொது கேலரியில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பார்சி தாத்தாக்கள், குஜராத்திகள், சட்டைப் பையில் பேப்பர் வைத்த டாக்சி டிரைவர்கள், ரெண்டு மூன்று தமிழ்க் குரல்கள். பெரியப்பாவைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, பையனா?" "தம்பி மவன்." அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்த மாதிரி இருந்தது.

பெரியப்பா நேராகப் பணம் கட்டும் டோட் கவுண்டருக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பேடக் வேலி ஓரம் போய் நின்றார். ஓடப்போகும் குதிரைகளை சைஸ்கள், அதாவது குதிரை பராமரிக்கிறவர்கள், வாரைப் பிடித்து வட்டமாக நடத்திக் காட்டும் இடம். கையெட்டும் தூரத்தில் நானூற்றைம்பது கிலோ உடம்பு நடந்து போகிறது. தோலுக்கடியில் நரம்பு ஓடுவது தெரிகிறது. புல், வியர்வை, தோல் வார் எல்லாம் கலந்த ஒரு வாசனை. தோல் பட்டறையில் வாழ்ந்தவருக்கு அது வீட்டு வாசனையாகத்தான் இருக்கும்.

"மொகத்தைப் பாக்காதல. பின்னங்காலைப் பாரு. முன்னங்கால் பதிஞ்ச தடத்தைத் தாண்டி விழணும்."

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது சுற்றில் திடீரென்று தெரிந்தது. ரெண்டாம் நம்பரின் பின்குளம்பு முன்தடத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஐந்தாம் நம்பருக்குத் தடத்திலேயே விழுந்தது. ஒன்பதாம் நம்பருக்குத் தொடையிடுக்கில் சோப்பு நுரை மாதிரி வேர்த்திருந்தது. "அது இங்கயே ஓடி முடிச்சிட்டு" என்றார். காது முன்னால் நிமிர்ந்திருக்கிறதா, வால் அமைதியாக இருக்கிறதா, ஜாக்கி ஏறும்போது முதுகை நெளிக்கிறதா என்று அவர் சொல்லச் சொல்ல, அரைமணி நேரத்தில் நான் பந்தயத்தையே மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். எந்தக் குதிரையையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ரெண்டு, அஞ்சு, ஒம்பது. நோட்டில் மட்டும் பெயர்கள் தமிழில் இருந்தன: எந்தத் தேதியில் ஓடியது, எத்தனை கிலோ சுமந்தது, பேடக்கில் எப்படி நடந்தது. "நோட்டுல பேரு. வாயில நம்பரு" என்றார். தாத்தா ஒரே ஒரு குதிரையின் பெயரில் மயங்கி ஒரு சீசன் முழுக்க அதன் மேலேயே கட்டினாராம். அந்தப் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை.

சுமை கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங். ஒரு புள்ளி கூடினால் முதுகில் அரைக் கிலோ கூடும். ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்பார். எடை குறைந்தால் சேணத்துணிப் பையில் ஈயத் தகடு செருகுவார்கள். ஓடி முடித்ததும் மறுபடி எடை. கெட்டிக்காரக் குதிரையையும் சோப்ளாங்கியையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து முடிக்கப் பார்க்கும் ஏற்பாடு. "நல்லா ஓடுனா ஈயத்தைக் கட்டுவான். வாழ்க்கையிலயும்..." என்று பெரியப்பா ஆரம்பித்தார். நான் டீ சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டேன்.

பணம் கட்டும் விதங்கள் ஏகப்பட்டது. வின் என்றால் குதிரை முதலில் வரவேண்டும், பிளேஸ் என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். ரெண்டாவதாக வரும் குதிரையைச் சொன்னால் அதற்குத் தனி. முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னால் 'தனாலா'. அடுத்தடுத்த ஐந்து பந்தயங்களிலும் முதல் குதிரையைச் சொன்னால் ஜாக்பாட். குடும்பங்கள் அழிந்தது பெரும்பாலும் கடைசி ரெண்டில்தான் என்பது பெரியப்பா கட்சி. அவருக்கு வின், பிளேஸ் மட்டும். ஏழு பந்தயத்தில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு நூறு. புதுக் குதிரைகள் மட்டும் ஓடுகிற பந்தயத்தைத் தொடமாட்டார். நோட்டில் எழுதாத குதிரை அவருக்கு அந்நியர்.

டோட்டில் நாம் கிளப்போடு மோதுவதில்லை. எல்லோரும் கட்டிய பணம் ஒரே குடத்தில் விழும். கிளப் பங்கு கழித்து மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் எல்லோரும் விரும்பும் குதிரை ஜெயித்தால் கைக்கு வருவது கொசுறுதான். அதற்கு மேல் வரி. ஜெயித்த பணத்துக்கு மட்டுமல்ல, கட்டுகிற தொகை முழுமைக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. "குதிரை பொட்டியை விட்டு வெளிய வரதுக்கு முன்னயே தோத்தாச்சு" என்றார். அப்படியென்றால் ஏன் வருகிறீர்கள் என்று கேட்கவேண்டிய இடம் அது. வேலி ஓரம் அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, முக்கியமாகத் திறமையின் விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. தமிழ்நாட்டின் 1974 தடைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் வந்த தீர்ப்பு. பெரியப்பாவைப் பார்த்தால் தீர்ப்பு சரி என்று தோன்றும். தாத்தாவை நினைத்தால் அந்தத் திறமையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று தோன்றும்.

முதல் ஐந்து பந்தயங்களில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிளேஸ் வந்தது, ரெண்டு போனது, ரெண்டை அவர் தொடவில்லை. 1200 மீட்டர் ஒரு நிமிஷம் பத்து விநாடி சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் ஓடும்போது வண்ணப் புள்ளிகள்தான் தெரியும். வளைவு திரும்பி நேர் ஓட்டத்துக்கு வந்ததும் "ஆஜா, ஆஜா" என்று கேலரியே எழுந்து நிற்கும். குளம்புச் சத்தம் காதில் விழுவதற்கு முன் காலடியில் தெரியும்.

ஆறாவதில் நான் கெட்டுப்போனேன். பேப்பரில் ஏழாம் நம்பர் குதிரையின் பெயர் பிடித்துப்போனது. (என்ன பெயர் என்று இங்கே எழுதப்போவதில்லை.) பெரியப்பாவிடம் பென்சிலை வாங்கி ஏழைச் சுற்றி வட்டம் போட்டேன்.

"வட்டம் போடாதல. டிக் அடி."

ஏன் என்று சொல்லவில்லை. ஏழு பேடக்கில் தலையை உதறிக்கொண்டு, கழுத்தெல்லாம் வேர்த்து, சைஸை இழுத்துக்கொண்டு நடந்தது. அவர் கற்றுக்கொடுத்த எல்லாக் கணக்கிலும் ஃபெயில். நான் இருநூறு ரூபாய் வின் கட்டினேன். அவர் நாலாம் நம்பர் மேல் நூறு கட்டினார்.

வளைவில் ஏழு கடைசிக்கு முந்தி. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வெளிப்பக்கமாக ஒரு மஞ்சள் சட்டை வந்துகொண்டே இருந்தது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. நாலும் ஏழும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு. மூன்று நிமிஷம் கழித்து போர்டில் 7 ஏறியது, பத்து ரூபாய்க்கு 118.

கவுண்டரிலிருந்து 2,360 ரூபாயோடு திரும்பி வந்தேன். கை நடுங்கியது. பெரியப்பா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஏழாவது பந்தயத்துக்கு ஐந்தாவது நூறு இன்னும் அவர் பையில் இருந்தது. "போவோம்" என்றார்.

ரயிலில் ஒரு வார்த்தை இல்லை. மாஹிமில் இறங்கியதும், "எவ்வளவு இருக்கு?" என்றார். சொன்னேன். "ரேஸ் காசு ராத்திரி வீட்டுல தங்கக் கூடாது. செலவழி." மீன் கடையில் ரெண்டு பெரிய வாவல் வாங்கினோம். பெரியம்மாவுக்கு ஒரு நைட்டி. தெருமுனையில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். பிறகும் மிச்சமிருந்தது. கடைசியாக மாஹிம் அல்வா ரெண்டு டப்பா. கண்ணாடித் தாள் மாதிரி மெலிசாகத் தகடு தகடாக இருக்கும். திருநெல்வேலிக்காரன் கையில் இதைக் கொடுத்து அல்வா என்றால் அவனுக்குத்தான் அல்வா கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று ரூபாய் பாக்கி. ரயில்வே பாலத்தின் அடியில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் அதையும் போடச் சொன்னார்.

பெரியம்மா டப்பாவைப் பார்த்தார். "யாரு?" என்றார். பெரியப்பா என் பக்கம் தலையை ஆட்டினார். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மீதமிருந்த நூறு ரூபாயை வாங்கி அரிசி டப்பா பக்கத்தில் வைத்தார். வாவல் குழம்பு நன்றாக இருந்தது.

மறுநாள் கிளம்பும்போது பெரியம்மா ஒரு அல்வா டப்பாவைக் கையில் கிடைத்த பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். உங்க அப்பாவுக்கு என்றார். ரயிலில் நான் அதைத் திறக்கவே இல்லை.

வீட்டில் அப்பாதான் பிரித்தார். அல்வாவை அம்மாவிடம் நீட்டிவிட்டு, கசங்கிய பேப்பரை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். ரேஸ் பக்கம். அண்ணன் கைப்பட்ட டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.

"இந்த வட்டம் யார் போட்டது?"